துண்டுக்குள் விலை: திருவண்ணாமலை மாட்டுச் சந்தை

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. இம்மாவட்டத்தைச் சார்ந்த ஜவ்வாது மலையில் டிராக்டர் ஏறாத சரிவு நிலங்கள் உண்டு. அங்கே சாமை விதைக்க ஏர்மாடே துணை. எனவே மாடு தேர்வதில் தவறினால் உழவரின் அவ்வாண்டு விளைச்சலே பாதிக்கப்படும்.

வாங்குவோர் முதலில் பல்லைப் பார்ப்பர். நிலைப்பற்கள் இரண்டு முளைத்திருந்தால் வயது ஏறத்தாழ 2. எட்டும் சேர்ந்திருந்தால் 4-ஐத் தாண்டியது எனக் கொள்வர். அடுத்துச் சுழியும் நடையும் பார்க்கப்படும்.

விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் துண்டால் கையை மூடி, விரல்களைப் பிடித்துத் தொகையை உணர்த்துவார். பேரம் முறிந்தாலும் கேட்ட விலை பிறருக்குத் தெரியாது. மாட்டின் மதிப்பும் குறையாது. ஆனால் இரு தரப்புத் தொகையும் தரகர் ஒருவருக்கே தெரியும். விரல் கணக்கு அறியாத உழவர் ஏமாற இதுவே வழியானது.

அயர்லாந்து நாட்டுச் சந்தைகளில் இதற்கு மாறாக, பலர் பார்க்க உள்ளங்கையில் அறைந்து விலை முடிப்பர். விற்றவர் அதிர்ஷ்டக் காசாகச் சிறு தொகையைத் திருப்பித் தருவார். இங்கோ வாங்குபவர் அச்சாரம் கொடுத்தால் பேரம் உறுதியாகும்.

டிராக்டர் பெருகியதால் சமவெளியில் ஏர்மாட்டின் தேவை குறைந்தது. விரல் கணக்கு ஏட்டில் இல்லை, முதியோர் கைகளில்தான் உள்ளது. மாணவர்கள் அதைக் கேட்டு எழுதி வைப்பது நல்லது.