மழைநாட்டில் மரம் தேர்ந்த வரலாறு

ஓராண்டில் மடியும் செடி, பல்லாண்டு வாழும் செடி என்று தோட்டத்துப் பயிர்களை இரு கூறாகப் பிரிக்கும் வழக்கம் பனிபொழியும் நாடுகளிலே பிறந்தது. அங்கே குளிர்காலமே நடுவர். அதன் கொடுமையைத் தாங்கி மறு வசந்தத்தில் துளிர்ப்பது பல்லாண்டுச் செடி. தாங்கமாட்டாதது விதையை விட்டுவிட்டு மாய்ந்துபோகும். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் நம் சிங்கப்பூர்த் தீவில் அந்த நடுவருக்கு வேலையில்லை. இங்கே பனியுமில்லை, முறையான கோடையுமில்லை. ஆண்டொன்றுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை எல்லாத் திங்களிலும் பங்கிட்டுக்கொண்டு பெய்கிறது. பிப்பிரவரியில் சற்றே ஓயும், திசம்பரில் கொட்டித் தீர்க்கும், அவ்வளவே வேறுபாடு. ஆகவே, குளிரைத் தாங்குமா என்பதன்று இங்கே கேட்கவேண்டிய கேள்வி. ஓயாத ஈரத்தை இச்செடி தாங்குமா, தாங்கினாலும் பூக்குமா என்பதே கேள்வி. இந்த எளிய உண்மையை அறிந்துகொள்ள நம் தீவு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தைச் செலவிட்டது. அந்தப் பாடத்திற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

முதல் பாடம் சாதிக்காயில் தொடங்குகிறது. 1822ஆம் ஆண்டில் இராபிள்சு, இன்று போர்ட் கானிங் என வழங்கும் குன்றின்மேல் ஒரு சோதனைத் தோட்டம் அமைத்தார். சாதிக்காயும் கிராம்பும் அங்கே பயிராயின. பொருள் போதாமையால் 1829இல் அத்தோட்டம் மூடப்பட்டது. ஆனால் சாதிக்காய் ஆசை மட்டும் மூடப்படவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் வணிகரும் அதிகாரிகளும் போட்டியிட்டுக்கொண்டு சாதிக்காய்த் தோப்புகளை வளர்த்தனர். இன்று கடைகளும் மின்விளக்குகளும் கண்ணைப் பறிக்கும் ஆர்ச்சர்ட் சாலை அத்தோப்புகளின் நடுவே சென்ற வழிதான். பெயரே அதற்குச் சான்று பகரும். பண்டாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட சாதிக்காய் மரத்திற்கு இம்மண்ணின் வெப்பமும் ஈரமும் அந்நியமானவை அல்ல. ஆயினும் 1850களின் பிற்பாதியில் நோய் ஒன்று புகுந்து தோப்புக்குத் தோப்பு தாவிற்று. சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. தட்பவெப்பம் பொருந்தினால் மட்டும் போதாது. ஒரே மரத்தை அடுத்தடுத்து வைத்தால் நோய்க்கு நாமே நடைபாதை அமைத்துக்கொடுத்தவர்களாவோம். இதை அன்று உணர்ந்தவர் எத்தனை பேரோ, பின்வந்த தலைமுறையினர் உணரவில்லை என்பது மட்டும் உறுதி.

1859இல் தங்ளினில் இன்றைய பூமலை தோன்றியது. தோட்டக்கலைச் சங்கம் ஒன்று இன்பப் பூங்காவாகத் தொடங்கிய அவ்விடத்தை 1874இல் அரசு ஏற்றுக்கொண்டது. 1877இல் அங்கு வந்துசேர்ந்த இரப்பர்க் கன்றுகளின் கதையையும், இரிட்லி அவற்றைக் கொண்டு மலாயாவின் பொருளாதாரத்தையே மாற்றிய கதையையும் நம்மவர் பலமுறை எழுதிவிட்டனர். ஆகவே அதை ஈண்டு விரிக்கவில்லை. இரப்பருக்கு ஓராண்டு முன்னர், 1876இல், இத்தீவுக்கு வந்த வேறொரு மரத்தைப் பற்றியே நாம் பேசவேண்டும். ஆனால் அது இங்கே ஏன் போற்றப்பட்டது என்பது விளங்கவேண்டுமானால், அதற்கு முன்னர் நிழல்தந்து நின்ற அங்சானாவை அறியவேண்டும்.

அங்சானா இந்த வட்டாரத்தின் மரம். மலாய்க்காரர் அதனைச் சேனா என்றும் அழைப்பர். பிலிப்பைன்சு நாட்டார் 1934இல் அதையே தம் தேசிய மரமாக்கினர். நமக்கும் அது முற்றிலும் அயலன்று. நம் குறிஞ்சித் திணையில் பொன்னிறப் பூச்சொரியும் வேங்கை மரம் இதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூவைப் புலிக்குட்டி என்று மருண்டதாகச் சங்கப் புலவர் பாடியதை, அங்சானா பூத்த நாளில் நம் நடைபாதைகளைப் பார்ப்பவர் எளிதில் நம்புவர். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று நகரங்களிலும் இம்மரமே சாலைக்கு அழகாக நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவின் மரங்கள் ஒவ்வொன்றாக வாடின. பினாங்கிலும் அவ்வாறே ஆயிற்று. பின்னர் சிங்கப்பூரின் முறை வந்தது. காரணம் இன்னதென்று அக்காலத்தார்க்குத் தெரியவில்லை. மண்ணின் மைந்தனான மரம், தன் மண்ணிலேயே, வரிசை வரிசையாக மாண்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவற்றுள் தலையாயது 1876இல் வந்த தென்னமெரிக்க மரம். தமிழர் அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சி. மாலையிலும் மழை வருமுன்னரும் இலைகளை மூடிக்கொள்வதால் வந்த பெயர் அது. மலாய்க்காரர் ‘புக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ என்றனர். இரண்டு இனத்தாரும் ஒரே இயல்பைக் கண்டு, ஒருவர் கேலியாகவும் மற்றவர் கடிகாரமாகவும் பெயரிட்டிருக்கின்றனர்! குடைபோல் விரியும் இம்மரம் இலை மூடுகையில் மழையைத் தடையின்றி அடிமண்ணுக்கு விடுகிறது; வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் எழுந்த தைப்பிங் ஏரிப் பூங்காவில், நூற்றாண்டு கடந்த தூங்குமூஞ்சிகள் சாலையைத் தாண்டி நீரைத் தொடும்படி கிளை தாழ்த்தி நிற்பதைக் கண்டவர், இது வந்தேறி மரம் என்று சொன்னால் நம்பார்.

எல்லா வந்தேறிகளுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. மடகாசுகரில் வறண்ட பருவத்துக்குப் பழகிய செம்மயிற்கொன்றை, கெடா, பெர்லிசு முதலிய வடமாநிலங்களில் கோடை முடிவில் தீப்பற்றியதுபோல் பூக்கும். அங்கே ஆண்டுத் தொடக்கத்தில் மழையற்ற பருவம் தெளிவாக உண்டு. சிங்கப்பூரிலோ அதே மரம் ஒரு கிளையில் பூவும் மறு கிளையில் இலையுமாகத் தயங்கி நிற்கும். மாமரமும் அவ்வாறே. பூக்குமுன் அதற்கு வறட்சி வேண்டும். பூத்தபின் மழை பெய்தால் பூ கருகும். பெர்லிசின் அரும்மனிசு மாம்பழம் புகழ்பெற்றதும் நம் வீட்டு மாமரம் பெரும்பாலும் நிழலோடு நின்றுவிடுவதும் இதனால்தான். தமிழர் எங்குக் குடியேறினாலும் வீட்டருகே முருங்கையும் கறிவேப்பிலையும் நடுவர். கறிவேப்பிலை இங்கே குறைவின்றித் தழைக்கிறது. முருங்கையோ கீரையை அள்ளித் தந்துவிட்டுக் காய்க்கு மட்டும் கைவிரிக்கிறது. அதை மண்ணின் குற்றம் என்பாரும், கண்ணேறு என்பாரும் உண்டு. குற்றம் மண்ணிலும் இல்லை, கண்ணிலும் இல்லை; வானத்தில் இருக்கிறது.

இவற்றையெல்லாம் நூலாகத் தொகுத்துத் தந்தவர் ஓல்ட்டம். 1925 முதல் 1949 வரை பூமலையின் இயக்குநராக இருந்த அவர், மலாயாவின் தாழ்நிலங்களுக்கென்றே தோட்டக்கலை நூல் ஒன்றை 1953இல் வெளியிட்டார். இங்கிலாந்தின் தோட்ட நூலை வைத்துக்கொண்டு இங்கே விதைப்பது, ஊட்டியின் பஞ்சாங்கத்தைப் பார்த்து இராமநாதபுரத்தில் உழுவது போன்றது. அதற்கு மாற்றாக, இந்த வானத்தின் கீழ் உண்மையில் வளர்வதைக் கண்டு எழுதிய நூல் அது. பருவமற்ற நாடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். செடிகள் அவ்வாறு எண்ணவில்லை. மரக்கிளைகளில் தானே படர்ந்து வாழும் புறா ஆர்க்கிடைப் பாருங்கள். திடீரென ஒரு பெருமழை வந்து காற்றைக் குளிர்வித்தால், அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் ஊரெங்கும் உள்ள அச்செடிகள் ஒரே காலையில் வெண்ணிறமாய்ப் பூத்து, மாலைக்குள் வாடிவிடும். நம் உடல் உணர்ந்து மறந்துவிடும் ஒரு குளிர்ச்சியை அது எண்ணி வைத்திருக்கிறது. பிரேசிலிலிருந்து வந்த காகிதப்பூவின் கதையோ வேறு. மழையில் தரையில் நட்டால் இலையாய்ப் பெருகும். வேரை ஒடுக்கி நீரைக் குறைத்தால் பூக்கும். நம் மேம்பாலங்களின் ஓரத்துச் சிமெண்டுத் தொட்டிகளில் அது கொத்துக்கொத்தாகப் பூப்பதற்குக் காரணம், அங்கே அதற்குக் கிடைக்கும் வறுமையே.

1963 சூன் 16ஆம் நாள், அன்றைய பிரதமர் லீ குவான் இயூ பேரர் வட்டத்தில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு மரநடு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அது இவ்வட்டாரத்து மரம், சிறு வறட்சிக்குப் பின் இலையுதிர்த்து இளஞ்சிவப்பாய்ப் பூப்பது, தேர்வு செம்மையானது. 1967இல் பூந்தோட்ட நகரம் என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. புதிய சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் கடுகி எழுந்தன. வெயிலோ கன்று மரமாகும் வரை காத்திருக்கவில்லை. நிழல் உடனே வேண்டும். அப்போது மீண்டும் கைகொடுத்தது அங்சானா. ஆளுயரத்துக்கு மேற்பட்ட பருத்த கிளையை வெட்டி ஊன்றினாலும் வேர்விடும் மரம் அது. சில ஆண்டுகளில் சாலைக்குக் கூரையாகிவிடும். ஆயிரக்கணக்கில் ஊன்றினர். அவசரம் அன்று நியாயமானதே. வெயிலில் வெந்த ஒரு புது நகரத்திடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆயினும் கிளையிலிருந்து வளர்ந்தவை ஆதலால், அவற்றுட் பல ஒரே தாய்மரத்தின் படிகள். ஒன்றுக்கு வரும் நோய் அத்தனைக்கும் வரும் என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

1982இல் நோய் வந்தது. ஃபுசேரியம் என்னும் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து, நன்கு தழைத்திருந்த மரத்தைச் சில வாரங்களிலே பழுக்கவைத்து உலர்த்திற்று. நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. மின்னல் தாக்கிய மரங்களைச் சுற்றி நோய் தொடங்கியதையும், மரந்துளைக்கும் சிறு வண்டுகளுக்கு இதில் தொடர்புள்ளதையும் ஆய்வாளர் கண்டனர். இடியும் மின்னலும் மிகுந்த இத்தீவில் அதைவிட எளிதான வாயில் வேறு வேண்டுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாக்காவில் நேர்ந்தது ஏட்டில் இருந்தது; கார்னர் 1940இல் வெளியிட்ட சாலையோர மரங்களைப் பற்றிய நூலிலும் இருந்தது. நிழலுக்கு ஏங்கியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் எல்லா அங்சானாவும் சாகவில்லை. நோய் சூழ்ந்த இடத்திலும் சில பசுமையாய் நின்றன. அவற்றை ஆராய்ந்து, இயல்பாகவே நோயை எதிர்க்கும் வகைகளைப் பிரித்தெடுத்தனர். சாலை நெடுக ஒரே மரம் என்ற பழக்கமும் தளர்ந்தது. தூங்குமூஞ்சிக்கு அருகே தெம்புசுவும் மெம்பாட்டும் இடம்பெற்றன. தெம்புசு வளர்வது மெதுவாகத்தான். பூமலையில் ஒரு கிளையைத் தாழ நீட்டி நிற்கும் முதிய தெம்புசுவை ஐந்து வெள்ளி நோட்டில் காணலாம். 2001இல் ஆர்க்கேடியா சாலை முதலிய ஐந்து சாலைகள், அவற்றின் முதிய மரங்களுக்காகவே மரபுச் சாலைகளாகப் பாதுகாக்கப்பட்டன. அங்சானா இன்றும் நம் சாலைகளில் உண்டு. சில நாள் வறட்சிக்குப் பின் மழை பெய்தால், அது ஒரே நாளில் பூத்து, மறுநாள் விடியலில் சாலையை மஞ்சளாக்கிவிடுகிறது. துப்புரவுத் தொழிலாளர் வந்து கூட்டி அள்ளும்வரை அது அங்கே கிடக்கும்.