மவுண்ட் ரோட்டில் ஓடிய டிராம்: சித்திரைக்கு முன்னால் நின்று போன கதை

சென்னை அண்ணா சாலையில் இன்று பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. அதே சாலையின் மேல் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. அப்போது அதற்கு மவுண்ட் ரோடு என்று பெயர்.

1895-ம் ஆண்டு மே 7-ந்தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான். கொல்கத்தாவில் அன்று டிராமை குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே மின்சாரம் வந்தது 1902-ல். மும்பைக்கு 1907-ல்.

மழை வந்தால் போச்சு

ஆரம்பத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டி, அதற்குள் மின்சாரத்தை ஓட விட்டார்கள். வண்டியில் இருந்து ஒரு தண்டு இறங்கி அதைத் தொட்டுக்கொண்டே போகும்.

பார்க்க அழகுதான். ஆனால் நம்மூர் ஐப்பசி, கார்த்திகை மழை சும்மா விடுமா? பள்ளத்தில் தண்ணீர் புகுந்தது. கடைசியில் அந்த முறையை கைவிட்டு, மேலே கம்பி கட்டித்தான் ஓட்டினார்கள். ரோட்டில் தண்ணீர் நிற்கும் தொல்லை அன்றைக்கே இருந்திருக்கிறது!

துறைமுகத்தில் இருந்து ஊருக்குள் ஆட்களை மட்டுமல்ல, சரக்கையும் டிராம் சுமந்தது. பாரிமுனை, மவுண்ட் ரோடு, ரிப்பன் மாளிகை, பூந்தமல்லி சாலை என்று வழித்தடங்கள் இருந்தன. தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறினார்கள். 1921-ல் 24 கிலோ மீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின.

கம்பெனி திவால்

இவ்வளவு கூட்டம் ஏறிய வண்டி ஏன் நின்றது? டிராமை நடத்தியது தனியார் கம்பெனி. பஸ்கள் பெருகின. தண்டவாளம் இல்லாத தெருவிலும் பஸ் நுழையும், டிராமால் முடியாது. 1950-ஐ ஒட்டி கம்பெனி திவாலானது.

1953-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடு டிராம் நின்றது. அப்போது ராஜாஜி முதல்-மந்திரி. சித்திரை பிறக்க ஓரிரு நாள்தான் பாக்கி. வண்டி ஓட்டியவர்களுக்கும், டிக்கெட் கிழித்தவர்களுக்கும், ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கும் வருடப்பிறப்பு வேலை இல்லாமல்தான் விடிந்தது.

டெல்லி டிராம் 1963-லும், மும்பை டிராம் 1964-லும் நின்றன. மிஞ்சியது கொல்கத்தா மட்டும். அங்கேயும் ஒரே ஒரு பாதையை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக 2024-ல் மேற்கு வங்காள அரசு அறிவித்தது.