மிசௌரி ஆற்றின் மேற்பகுதியும் அக்கோமோக்கியின் படமும்

வட அமெரிக்கப் பெரும்புல்வெளியை ஊடறுத்தோடும் மிசௌரி, மொன்டானாவில் ஜெபர்சன், மாடிசன், கல்லட்டின் என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அப்பெயர் பெற்று, ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் சென்று மிசிசிப்பியிற் கலக்கின்றது. அவ்விரு ஆறுகளின் கூடலை 1673இல் மார்க்கெட், சோலியே என்னும் இருவர் கண்டனர். எனினும் மேற்பகுதியோ ஐரோப்பியர் படங்களில் நூறாண்டுக்கு மேலும் ஊகமாகவே நின்றது. அதனை முதலில் நிரப்பியது இலண்டன் நகரத்து ஆரோசுமித்து 1802இல் திருத்தி வெளியிட்ட படம் என்பர். அக்கூற்று அரைகுறை உண்மையே என்பது எம் கருத்து.

ஆரோசுமித்துக்கு அச்செய்தி அட்சன் விரிகுடாக் குழுமத்தின் அளவையாளர் பீட்டர் பிட்லர் வாயிலாகக் கிடைத்தது. பிட்லரோ மேல் மிசௌரியைக் கண்டவரல்லர். 1792-93ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் பீகன் மக்களுடன் தங்கிய இடம் இன்றைய ஆல்பர்ட்டாவைச் சேர்ந்தது. பின்னர், செம்மானாறு தென் சசுக்காச்சுவானுடன் கூடுமிடத்தமைந்த செசுட்டர்பீல்டு மனையில், 1801 பிப்ரவரியில், பிளாக்புட் தலைவர் அக்கோமோக்கி அவருக்கு ஒரு படம் வரைந்து காட்டினார். பிட்லர் அதனைப் படியெடுத்து இலண்டனுக்கு விடுத்தார்.

அப்படத்தின் இயல்பு கருதத்தக்கது. மேற்றிசை மேலே அமைய, மலைத்தொடர் இரட்டைக் கோடாக நேரே செல்கின்றது; ஆறுகளும் ஏறத்தாழ நேர்கோடுகளே. எந்தச் சிகரத்தை அடுத்து எந்த ஆறு தோன்றும், ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் எத்தனை நாட் பயணம் என்பனவே அதில் உணர்த்தப்படும் பொருள். வழிச்செல்வோனுக்கு வேண்டுவன இவையே. திசைக்கோணமும் அகலாங்கும் அதன் நோக்கமல்ல. இலண்டனிலோ அக்கோடுகள் அகலாங்கு வலைக்குள் பொருத்தப்பட்டன. ஏடு பெயர்த்தெழுதுவோன் மூலத்தின் யாப்பறியாது சீர்பிரித்தால் நேர்வது யாதோ, அதுவே ஈண்டும் நேர்ந்தது.

இதன் விளைவு 1805 சூன் 3ஆம் நாள் புலப்பட்டது. இலூயிசும் கிளார்க்கும் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தை அடைந்தனர். வடகிளை கலங்கலாக வந்தது, தென்கிளை தெளிந்திருந்தது. அதுகாறும் கலங்கல் நீரிலேயே படகு செலுத்திவந்த உடன்வந்தோர் வடகிளையே மிசௌரி என்றனர். தலைவர் இருவர் மட்டும் தென்கிளை என்றனர். வழி தவறின் மலைகடக்கும் பருவமே கைநழுவிப் போகும். ஆதலின் இலூயிசு வடக்கேயும் கிளார்க்கு தெற்கேயும் சென்று ஆராய்ந்து மீண்டனர். சூன் 13ஆம் நாள் தென்கிளையிற் பேரருவியைக் கண்டபின்னரே ஐயம் நீங்கிற்று. வடகிளை மரையாசு எனப் பெயர் பெற்றது.

அந்நாட்களின் குறிப்பில் இலூயிசு, ஆரோசுமித்தின் படத்தையும் பிட்லரின் நம்பகத்தையும் ஐயுறுகின்றார். பிட்லரே அந்நிலத்தை நடந்து கண்டதாகக் கொண்டு வாதிடுகின்றார். ஐயுறுவதற்கும் அவருக்குக் கிடைத்த பெயர் பிட்லர் பெயரே. வரைந்தவரைக் கேட்டிருப்பின், அக்கோடுகள் அளவைக் கோடுகளல்ல, நடைவழிக் கோடுகள் என்பது விளங்கியிருக்கும். பிழை மூலத்தினதன்று, அதனை வேறு மொழியாகப் படித்தவருடையது.

பிட்லர் எடுத்த படி இன்று வின்னிப்பெக்கு நகரில் அக்குழுமத்தின் ஆவணக் களரியிலுள்ளது. வரைந்தவர் அக்கோமோக்கி எனப் பிட்லர் அதிற் குறித்தே வைத்துள்ளார்.