கர்ப்பிணி மருத்துவப் பணியாளர்களும் வைரஸ் தொற்றும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், மதுரையில் எட்டு மாதக் கர்ப்பிணியான அரசு மருத்துவர் ஒருவர் தொற்றால் உயிரிழந்தார். அப்போது கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. மத்திய அரசு அதை அனுமதித்தது ஜூலை 2-ஆம் தேதிதான்.

நம் பெண்களும் மருத்துவர்களாக, செவிலியர்களாக, லேப் டெக்னீஷியன்களாகப் பணியாற்றுகிறார்கள். கர்ப்பம் என்றதும் வேலையை விடச் சொல்வது தீர்வல்ல. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பெருமளவு தடுக்கலாம்.

ரத்தம் வழியே வருபவை

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது. அதுபோல நோயாளிகள் குவியும் நேரத்தில், அவசரத்தில் ஊசி கையில் குத்திவிடலாம். தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உண்டு, எச்.ஐ.வி.க்கு சுமார் 0.3 சதவீதம். குத்தினால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மேலதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கர்ப்ப காலத்திலும் போடலாம்.

காற்றிலும் நெருக்கத்திலும் பரவுபவை

ரூபெல்லா முதல் 12 வாரங்களில் தாக்கினால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இதற்கும் சின்னம்மைக்கும் உரியவை உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது. கர்ப்பம் தரிக்க ஒரு மாதம் முன்பாவது போட்டுக்கொள்ள வேண்டும். எனவே திருமணம் பேசும்போதே தடுப்பூசி பற்றியும் பேசிவிடுவது நல்லது. சின்னம்மை நோயாளியுடன் பழக நேர்ந்தால், கொப்புளம் வரும் வரை காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம்.

தண்ணீர் வழியே வருவது

அசுத்தமான நீரால் பரவும் ஹெபடைடிஸ் இ, கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். மலைக் கிராமங்களுக்குப் பணிக்குச் செல்பவர்கள் கொதிக்கவைத்த நீரைக் கையோடு கொண்டுசெல்லலாம்.

குடும்பம் செய்ய வேண்டியது

கர்ப்பம் உறுதியானதும் மேலதிகாரியிடம் சொல்லத் தயங்க வேண்டாம். தொற்று வார்டிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றக் கேட்பது சலுகை அல்ல, பாதுகாப்பு. கணவரும் மாமியாரும் அதற்குத் துணை நிற்க வேண்டும். காய்ச்சலோ தடிப்போ கண்டால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.