முதல் கப்பலில் ஏற வேண்டியவை

1949 ஜனவரியில் ஹாலந்துக்காரரான பென் பொன், 'வெஸ்டர்டாம்' கப்பலில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை நியூயார்க்கில் கொண்டுவந்து இறக்கினார். போர் முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. ஹிட்லர் ஆசைப்பட்டுச் செய்யச்சொன்ன கார் என்ற பேச்சு வண்டிக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. டீலர்கள் யாரும் கைவைக்கவில்லை. கடைசியில் ஹோட்டல் பில் கட்டுவதற்காக 800 டாலருக்கு அதை விற்றுவிட்டு ஊர் திரும்பினார் பொன். அந்த ஆண்டு முழுவதும் அமெரிக்காவில் விற்ற பீட்டில்கள் இரண்டே இரண்டு.

சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை கவுன்ட்டரில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஒரு வண்டியின் நல்லது கெட்டது எனக்குத் தெரியவந்தது அங்கேதான். கேட்ட ஃபேன் பெல்ட் இன்றைக்கே கிடைக்குமா, அடுத்த மாதம்தான் வருமா என்பதில்தான் வண்டியின் பேர் நிற்கிறது. ஐரோப்பாவின் சின்னக் கார்கள் அமெரிக்கா போன வரலாற்றையும் நான் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுதான் படிக்கிறேன்.

பொன்னுக்கு அடுத்து வந்தவர் மேக்ஸ் ஹாஃப்மன். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு வந்தவர். ஜாகுவார், போர்ஷே போன்ற வண்டிகளை நியூயார்க் பணக்காரர்களுக்கு விற்பதில் கெட்டிக்காரர். 1950-இல் ஃபோக்ஸ்வாகனின் இறக்குமதி உரிமை அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு 330 வண்டிகள் போயின. ஆனால் அவருடைய மனம் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் இருந்தது. மலிவு விலைக் காரை வாங்குபவர் தினமும் வேலைக்குப் போக அதை நம்பியிருப்பவர்; அவருக்கு ஊருக்கு ஊர் ஒர்க்‌ஷாப் வேண்டும். ஹாஃப்மனுடனான ஒப்பந்தம் 1953-உடன் முடிந்தது.

இங்கேதான் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃபின் கை தெரிகிறது. 1948-இல் ஃபோக்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையின் பொறுப்பை ஏற்ற அவர், அதற்கு முன் ஓப்பல் நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தவர். கார் விற்றபின் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு வில் வான் டி காம்ப், மேற்குக்கு ஜெஃப்ரி லாங்கே என்று ஆட்களை அனுப்பினார். 1955-இல் ஃபோக்ஸ்வாகன் ஆஃப் அமெரிக்கா உருவானது. டீலர் ஆக விரும்பியவர்களிடம் ஒர்க்‌ஷாப் உண்டா, ஸ்பெஷல் டூல்ஸ் உண்டா, பயிற்சி பெற்ற மெக்கானிக் உண்டா, பாகங்கள் ஸ்டாக் உண்டா என்றுதான் கேட்டார்கள். ஷோரூம் மட்டும் வைத்திருந்தவருக்கு வண்டி கிடையாது.

அந்தக் காரும் ஸ்டாக் வைப்பவருக்கு ஒத்துழைத்தது. ரேடியேட்டர் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, ஹோஸ் பைப் இல்லை. காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் அலமாரியில் ஒரு தட்டே மிச்சம். நான்கு மட்கார்டுகளும் பாடியோடு வெல்டிங் செய்யப்படாமல் போல்ட்டில் நிற்கின்றன. ஒன்று நசுங்கினால் போல்ட்டுகளைக் கழற்றி, இடையில் இருக்கும் பீடிங்கை உருவிப் போட்டுவிட்டு, புது பீடிங் வைத்துப் புது மட்கார்டை முடுக்கிவிடலாம். இன்ஜினை இறக்க வேண்டுமா? பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், ஒயர்களை எல்லாம் விடுவித்தால், கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். கீழே ஜாக்கி கொடுத்துப் பின்னுக்கு இழுத்தால் இன்ஜின் கையோடு வந்துவிடும். டெட்ராய்ட்டின் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் வருடம்தோறும் உருவத்தை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் பீட்டில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் வந்தது. போன வருடம் வாங்கி வைத்த பாகம் இந்த வருடமும் விலைபோகும் என்பது டீலருக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று கடை நடத்தியவருக்குத் தெரியும்.

1959-இல் டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனம் பீட்டிலுக்குப் போட்ட விளம்பரங்களை உலகமே கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியவைதான். ஆனால் அவை சொன்னதை மெய்யாக்கும் ஸ்டோர் ரூம்கள் அதற்கு முன்பே ஊர் ஊராக நிறைந்திருந்தன.

ரெனோ டோஃபின் வேறு பாதையில் போனது. 1956-இல் பிரான்ஸில் வெளிவந்த அழகான நான்கு கதவு வண்டி, 845 சிசி, பின்பக்க இன்ஜின். அமெரிக்காவில் சட்டென்று விற்றது. சில காலம் ஃபோக்ஸ்வாகனோடு தோளுக்குத் தோள் நின்றது. ஆனால் டீலர்கள் அவசரத்தில் சேர்க்கப்பட்டவர்கள். பாகங்களும் தேர்ந்த மெக்கானிக்குகளும் விற்பனையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வடக்கு மாநிலங்களில் பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு டோஃபினின் தகட்டை அரித்தது. 1959 இலையுதிர் காலத்தில் கோர்வேர், ஃபால்கன், வேலியன்ட் என்று டெட்ராய்ட் தானே சிறிய கார்களை இறக்கியது. அந்த ஆண்டு அமெரிக்கச் சந்தையில் சுமார் 10 சதவீதமாக இருந்த வெளிநாட்டுக் கார்களின் பங்கு, 1962-க்குள் ஏறக்குறைய பாதியானது. டோஃபின்கள் விற்காமல் துறைமுகங்களில் தேங்கின. அதே புயலில் ஃபோக்ஸ்வாகன் வளர்ந்தது.

அடுத்து வந்தன சட்டங்கள். 1968-இல் பாதுகாப்பு விதிகளும் புகை விதிகளும் சேர்ந்து வந்தன. பிரிட்டனின் மினி 1967-உடன் அமெரிக்காவை விட்டுப் போனது. ஃபியட் 850 வேறு வழி பார்த்தது. 50 கன அங்குலத்துக்குக் குறைந்த இன்ஜினுக்குப் புகை விதியில் விலக்கு இருந்தது. 843 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டத்தை 65 மில்லிமீட்டரிலிருந்து 64 ஆகக் குறைத்தார்கள். 817 சிசி ஆனது, வண்டி எல்லைக்குள் வந்தது. அந்த ஒரு மில்லிமீட்டரால் இத்தாலியில் ஓடும் வண்டியின் பிஸ்டனும் ரிங்கும் அமெரிக்க வண்டிக்குச் சேராது. ஒரே பேருள்ள காருக்கு இரண்டு வகை ஸ்டாக். பாகம் பல வகை ஆகும்போது கடைசியில் காத்திருப்பவர் வாடிக்கையாளர்தான். 1980-களின் தொடக்கத்தில் ஃபியட்டும் அந்தச் சந்தையை விட்டு விலகியது.

1970-இல் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் ஏறக்குறைய 5,70,000 வண்டிகள் விற்று உச்சம் தொட்டது. 1958-இல் கிரவுன் காரோடு வந்து தோற்று, 1960-இல் பின்வாங்கிய டொயோட்டா, நெடுஞ்சாலைக்கு ஏற்ற இன்ஜினும் உறுதியான டீலர்களுமாகத் திரும்பி வந்து 1975-இல் ஃபோக்ஸ்வாகனை முந்தியது. 1985-இல் யூகோஸ்லாவியாவின் யூகோ 3,990 டாலர் விலையோடு வந்தது. விலை ஒன்றையே பலமாகக் கொண்ட அந்த வண்டி ஏழு ஆண்டில் மறைந்தது.

குறைந்த விலை முதல் வருடத்து வாடிக்கையாளரைக் கூட்டிவரும். இரண்டாவது காருக்கு அவர் அதே கடைக்குத் திரும்பி வருவது, முதல் கார் நின்றுபோன அன்று அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. நோர்ட்ஹோஃப் அந்தப் பதிலைக் கார் விற்பதற்கு முன்பே ஊர் ஊராக வாங்கி வைத்தார். வேற்று நாட்டில் வண்டி விற்கப் புறப்படும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: முதல் கப்பலில் கிளட்ச் கேபிளையும் கேஸ்கெட்டையும் அவற்றை மாட்டத் தெரிந்த ஆளையும் ஏற்றுங்கள். காரை அடுத்த கப்பலில் அனுப்பலாம்.