உண்டியலும் பன்னிரண்டு சொற்களும்

வங்கி இல்லாமல் பணம் அனுப்புவது நமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நகரத்தார், பணத்தை மூட்டை கட்டித்தான் ஊருக்கு அனுப்பவேண்டும் என்றிருக்கவில்லை. உண்டியல் எழுதினார்கள். ஒரு கடையில் எழுதிய தாளைக் கடல்தாண்டி இன்னொரு கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்கூட இத்தகைய உள்நாட்டு மொழி ஆவணங்களின் வட்டார வழக்கத்தில் கைவைக்கவில்லை.

அந்த வழக்கத்துக்குள்ளேயே பாதுகாப்பும் இருந்தது. வட இந்திய வணிகரிடையே ‘சா ஜோக்’ என்றொரு வகை உண்டி உண்டு. சந்தையில் நாணயமானவர் என்று பெயர் எடுத்தவர் வந்து கேட்டால்தான் அதற்குப் பணம். திருடியவனுக்கு அந்தத் தாளால் பயனில்லை. உண்டி தொலைந்துபோனால் ‘பேட்’ என்ற இரண்டாம் பிரதி தருவார்கள். அதுவும் தொலைந்தால் ‘பர்பேட்’ என்ற மூன்றாம் பிரதி. மனிதன் தாளைத் தொலைப்பான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

வளைகுடாவுக்கும் இந்த மரபு அந்நியமல்ல. ஷார்ஜாவிலும் துபாயிலும் ஒருகாலத்தில் இந்திய ரூபாயே புழங்கியது. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் ரிசர்வ் வங்கி இப்பகுதிக்கென்றே தனியாக வளைகுடா ரூபாயை வெளியிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் இங்குள்ள ஆட்சிகள் அதைக் கைவிட்டன. 1973இல் திர்ஹம் வந்தது. எண்ணெய்க்காலம் தொழிலாளரை அழைத்துவர, அவர்களோடு ஹவாலாவும் பெருகியது. நம்மவர் வாயில் அதுவும் உண்டியல்தான். இங்கே ஒருவரிடம் திர்ஹத்தைக் கொடுத்தால், ஊரில் இன்னொருவர் ரூபாயை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அடையாளமாக ஒரு ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லியிருப்பார்கள். அந்த நோட்டைக் காட்டியவருக்குப் பணம். ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் கடவுச்சொல் என்று இன்று சொல்வதை அந்த நோட்டு அன்றே செய்தது. இந்தியச் சட்டப்படி இது குற்றம். அமீரகத்திலோ, ஹவாலா நடத்துபவர் மத்திய வங்கியில் பதிவு செய்திருக்கவேண்டும்.

2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் கட்டம் பதிவானது. கணக்கேடு ஒரு கடையில் இல்லை, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. இடையிலிருந்த கடைக்காரரை அது நீக்கியது. அவரோடு அவர் செய்துவந்த காரியமும் நீங்கியது. தவறான முகவரிக்குப் போன பணத்தைத் திருப்பச் சொல்ல ஆளில்லை. சாவி தொலைந்தால் ‘பேட்’ இல்லை. ஊர்ப்பெரியவர்கள் சுமந்த பாதுகாப்பு முழுவதும் தனிமனிதரின் பழக்கத்தின்மேல் இறங்கிவிட்டது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்தத் தனிமனிதர் யார்? ஓர் அறையில் பலரோடு தங்கி, பூட்டு இல்லாத அலமாரியும் பொது வைஃபையும் கொண்டு, எல்லாவற்றையும் ஒரே கைபேசியில் வைத்திருப்பவர். அவருக்கான பழக்கங்களைத்தான் நாம் பேசவேண்டும்.

முதலாவது, மீட்புச் சொற்கள். 2013இல் உருவான தரம் ஒன்றின்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களே பணப்பையின் சாவி. அப்பட்டியல் ஜப்பானியத்தில் உண்டு, கொரியத்தில் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே நம்மவர் ஆங்கிலச் சொற்களையே எழுதவேண்டியிருக்கிறது. ஒலியைக் கேட்டுத் தமிழில் எழுதிவைத்தால் பின்னால் குழப்பம் வரும். ஆங்கில எழுத்தை அப்படியே பார்த்து எழுதவேண்டும். அந்தப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தே ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துவிடும், எனவே அந்த நான்கும் தெளிவாக இருக்கட்டும். படம் எடுக்கக்கூடாது. கைபேசிப் படங்கள் தாமாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகின்றன. உதவி செய்கிறேன் என்று அச்சொற்களை யார் கேட்டாலும் அவர் திருடர் என்றே கொள்ளவேண்டும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இரண்டாவது, தொலைபேசி எண். அமீரகத்தில் சிம் அட்டை 2012 முதல் அடையாள அட்டையோடு இணைக்கப்பட்டு வருகிறது. விசா ரத்தாகி ஊர் திரும்பினால் எண்ணும் போய்விடும். பிறகு அது வேறொருவர் கைக்கும் போகலாம். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பித் திறக்கும் கணக்கு அன்றோடு பூட்டிக்கொள்ளும். கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலிக்கு வேலையில் இருக்கும்போதே மாறிவிட வேண்டும்.

மூன்றாவது, முகவரி. முதலும் கடைசியும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து சிறுதொகை அனுப்பி, பழைய பட்டியலில் அதை நுழைத்துவிடும் தந்திரம் பரவலாக இருக்கிறது. பழைய பட்டியலிலிருந்து நகலெடுக்காமல், நடு எழுத்துகளையும் சரிபார்த்து, முதலில் சிறுதொகை அனுப்பிப் பார்ப்பது நல்லது.

படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 2025 பிப்ரவரி 21 அன்று, துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் களவுபோனது. ஒருவர் அல்ல, பலர் ஒப்பமிட்ட பரிமாற்றம் அது. திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது, ஒப்பம் வேறொன்றுக்குப் போனது. வடகொரியாவின் கைவரிசை என்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இணையப் பக்கம் காட்டுவதை நம்பாமல், ஒப்பமிடும் கருவியின் சொந்தத் திரையைப் படித்தபிறகே பொத்தானை அழுத்தவேண்டும் என்பது அதன் பாடம்.

எஞ்சியிருப்பது, யாரும் பேச விரும்பாத ஒன்று. உண்டியல்காரருக்குக் குடும்பத்தைத் தெரியும். ஒருவர் இங்கே இறந்துபோனால், ஊரில் இருக்கும் மனைவிக்குக் கணக்கு சொல்ல ஓர் ஆள் இருந்தார். பன்னிரண்டு சொற்களுக்கு யாரையும் தெரியாது. அவற்றை எழுதிய தாள் ஒன்று இங்கும், ஒட்டிய உறையில் இன்னொன்று ஊரில் நம்பிக்கையானவரிடமும் இருக்கவேண்டும். அது என்ன, எப்போது பிரிக்கவேண்டும் என்று வீட்டாருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். கணினி தராத ‘பேட்’ அதுதான். அடுத்த விடுமுறைக்குக் கட்டும் பெட்டியில் அந்த உறைக்கும் இடம் இருக்கட்டும்.