ரங்கூனிலிருந்து வந்த மீனாம்பாள்: பட்டம் கொடுத்தவர் மட்டும்தானா?

போன ஏப்ரல் 14 அன்று ராத்திரி சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம். வெடி ஆபீஸ் வேன் இறக்கிவிட்ட பெண்கள், வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாத அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் மினுங்கியது. மேடையில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் படத்தையும் வைத்திருந்தோம். முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் கேட்டார்:

"தம்பி, இந்தம்மா யாரு? பெரிய வீட்டு அம்மா மாதிரில்ல இருக்காக?"

"நம்ம ஆளுதான் பெரியம்மா. மீனாம்பாள்னு பேரு."

"நம்மள்ல இப்படி ஒருத்தவுக இருந்தாகளா? ஏம்ப்பா இத்தன நாளா யாரும் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். சங்கப் பெண்பாற் புலவர்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தவன். மீனாம்பாள் எனக்கு அறிமுகமானது ஒரு வினா-விடைப் புத்தகத்தின் ஒற்றை வரியில்தான். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் கொடுத்த மாநாட்டோடு தொடர்புடையவர் என்று அதில் இருந்தது. ஒரு தலித் பெண்ணின் அரை நூற்றாண்டுப் பொதுவாழ்வை, இன்னொருவருக்கு அவர் கொடுத்த பட்டத்தால் மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26-இல் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர். தாத்தா பெ.மா. மதுரைப்பிள்ளை அங்கே பெரும் வணிகர், கொடையாளர், தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர், பள்ளிக்கூடம் நடத்தியவர். தந்தை வாசுதேவப்பிள்ளையும் பொதுவாழ்வில் இருந்தவர். 'பறையனுக்கு என்ன கப்பலும் வியாபாரமும்' என்று ஊரில் கேட்டிருப்பார்கள். ரங்கூன் துறைமுகத்தில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு பலமில்லை. அக்கரைக்குப் போன சனத்தோடு சாதியும் கப்பலேறித்தான் போனது. ஆனாலும் ஊர்ச் சேரியின் எல்லைக்கோட்டை அங்கே அப்படியே வரைய முடியவில்லை. பர்மா, இலங்கை, மலேயா, நேட்டால் என்று நம் சனங்கள் போனதைப் பஞ்சம் பிழைக்கப் போன கதையாக மட்டும் எழுதுகிறார்கள். அது சாதியை விட்டுத் தப்பிப் போன கதையும்தான்.

ரங்கூனில் படித்து வளர்ந்த அந்தப் பெண் சென்னைக்கு வருகிறார். சொந்த சனத்தின் ஊர்தான். ஆனாலும் வந்தேறியைப் போலத்தான் வந்து இறங்க வேண்டியிருந்தது. இங்கே வைத்திருந்த அளவுகோல் வேறு. படிப்பு, பணம், குடும்பப் பெருமை எல்லாவற்றையும் முதலில் சாதித்தராசில் வைத்துத்தான் நிறுப்பார்கள். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு உரிமை உண்டு என்பதற்கே 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதுதான் அவர் வந்து சேர்ந்த சென்னை.

அவருடைய துணைவர் ந. சிவராஜ் வழக்கறிஞர், சட்டக் கல்லூரி ஆசிரியர். 1942-இல் நாகபுரியில் தொடங்கப்பட்ட அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பின் தலைவர், 1945-இல் சென்னை மேயர், 1957-இல் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். இவ்வளவு பெரிய ஆளின் மனைவியாக மட்டும் இருந்திருந்தால் மாலை வாங்கிக் கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். மீனாம்பாள் அப்படி உட்காரவில்லை.

1928-இல் சைமன் குழு வருகிறது. நாடெங்கும் காங்கிரஸ் 'திரும்பிப் போ' என்கிறது. அந்த நேரத்தில் குழுவை ஆதரித்து மேடையேறுகிறார் 23 வயது மீனாம்பாள். அதுதான் அவருடைய முதல் பொதுமேடைப் பேச்சு. தேசத்துரோகம் என்று இன்றைக்கும் சிலர் முகஞ்சுளிப்பார்கள். கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகு யார் கையில் அதிகாரம் இருக்கும்? கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன் கையில்தானே இருக்கும்? அப்படியென்றால் அதிகாரம் கைமாறுவதற்கு முன்பே எங்கள் பங்கு எழுத்தில் வேண்டும் என்பதுதான் அன்றைய தாழ்த்தப்பட்டோர் அமைப்புகளின் வாதம். இதே வாதத்தோடுதான் 1930-இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். 1932-இல் தனித்தொகுதி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதமும் பூனா ஒப்பந்தமும் அதைப் பறித்தன.

முதல் பேச்சோடு அவர் நிற்கவில்லை. மாநகராட்சி உறுப்பினர், கௌரவ மாஜிஸ்திரேட் என்று பல பொறுப்புகளில் இருந்தார். 1937-இல் திருநெல்வேலி ஜில்லா ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இது நமக்கு முக்கியம். இராமநாதபுரம் ஜில்லா உருவான 1910 வரைக்கும் சிவகாசியும் அந்த நெல்லை ஜில்லாவில்தான் இருந்தது. நம் தாத்தா பாட்டிமாரில் யாராவது அந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்களா? யாரும் எழுதி வைக்கவில்லை.

1938 நவம்பர் 13-இல் சென்னையில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாடு பெண்கள் மாநாடு. 'பெரியார்' என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். இந்தி எதிர்ப்பும் பெண் விடுதலையும் கைகோத்த அந்த மேடையில், சேரியின் குரலாகவும் ஒரு பெண் இருந்தார் என்பதுதான் சேதி. நாமோ அவரை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலைகளே நடந்தன. 1942-இல் நாகபுரியில் நடந்த தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தை வைத்தே அளக்கிறேன் என்று அம்பேத்கர் பேசியது அங்கேதான். 1945-இல் பம்பாயில் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மீனாம்பாள். மராத்தி பேசும் மகர் பெண்கள் கூடிய இடத்தில், ரங்கூனில் பிறந்த தமிழ்ப் பெண் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். 1992 நவம்பர் 30-இல் அவர் காலமானார். அதே 1992-இல்தான் நம் மாவட்டத்துப் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. ஒரு குரல் அடங்கிய ஆண்டில் இன்னொரு குரல் எழுந்தது. முதல் குரலைப் பற்றி இரண்டாவது தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் வேதனை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மீனாம்பாள் வசதியான வீட்டுப் பெண். திரி வைத்து, குழாய் அடைத்து, எண்ணிக்கைக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் பாடு அவர் பட்ட பாடு இல்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் கருகிச் செத்தார்களே, அந்தத் தீ அவர் வீட்டுக்கு வந்ததில்லை. ஆகவே அவரைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அவர் செய்ததை எடுத்துக்கொள்வோம். முதல் தடவை எழுந்து பேசினார், அப்புறம் மற்ற பெண்களைக் கூட்டினார், அப்புறம் தன் சனத்துக்கான பங்கை எழுத்தில் கேட்டார். இந்த மூன்றுக்கும் ரங்கூன் சொத்து தேவையில்லை.

சிவகாசி மண்ணே இதற்கு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. கோயிலுக்குள் நுழையக் கூடாதென்று நாடார்களைத் தடுத்தார்கள். 1899 ஜூன் 6-இல் சிவகாசியைக் கொள்ளையடித்துத் தீ வைத்தார்கள். அவர்கள் மகமை வசூலித்தார்கள், உறவின்முறையைக் கட்டினார்கள், 1889-லேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் வரலாற்றையும் எழுதினார்கள். ஹார்டுகிரேவ் என்ற அமெரிக்கர் 1969-இல் அவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். மிதிபட்டவர்கள் எழுந்ததை நான் மதிக்கிறேன். எழுந்தவர்களின் ஆபீசில் நம் பெண்கள் இன்னும் அட்வான்ஸ் பணத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தைப் போல, பொதுநிதியைப் போல, வரலாறும் ஒரு சமூகத்தின் சொத்து. அந்தச் சொத்தில் நமக்குப் பட்டா எழுதித்தர வேறு யாரும் வரப்போவதில்லை.

அன்று கூட்டம் முடியும்போது அந்தப் பெரியம்மாவிடம் மைக்கைக் கொடுத்தோம். "எனக்கென்னய்யா தெரியும்" என்று இரண்டு தடவை தள்ளிவிட்டார். மூன்றாவது தடவை வாங்கினார். தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், எத்தனை வருசமாகத் திரி வைக்கிறேன் என்று சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி, அதற்கு எவ்வளவு கூலி என்று கணக்குப் போட்டுச் சொன்னார். நாலு நிமிசம்தான் இருக்கும். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை.

அதை இந்தத் தடவை எழுதி வைத்திருக்கிறோம். வாசிக்கிற தோழர்களும் தங்கள் ஊர்க் கிழவிகளிடம் ஒரு நோட்டோடு போய் உட்கார வேண்டும். ரங்கூன் போன கதை, கண்டி போன கதை, மாநாட்டுக்கு நடந்துபோன கதை எல்லாவற்றையும் பெயரோடு, ஊரோடு, வருசத்தோடு எழுதுங்கள். அவர்களுக்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது.